ஸ்டென்ட் விலை: டெல்லியில் எழுதிய ஒரு வரி, வேலூரில் ஓர் அலமாரி

2017 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த காலை. சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்கிறது, கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள், அடுத்த முதல்வர் யார் என்று டீக்கடைக்கு டீக்கடை பந்தயம். வேலூரில் எங்கள் அலுவலகத்திலும் டிவி ஓடியது. முதலாளி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. போனில் வந்த ஒரு பிடிஎஃப்பை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தம்பி, 29,600ன்னு போட்டிருக்கான். இது நாம வாங்குற விலையா, ஆஸ்பத்திரி விக்கிற விலையா?”

எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குள்தான் மொத்தக் கதையும் இருக்கிறது என்பது புரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது.

முந்தைய நாள் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் வெளியிட்ட உத்தரவு அது. இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பில் வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட்டுக்கு இந்தியாவில் முதல் முறையாக உச்ச விலை வந்திருந்தது. மருந்து பூசாத வெறும் உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய். மருந்து பூசியதும், உடம்பிலேயே கரைந்துவிடும் வகையும் 29,600 ரூபாய். வரி தனி. அதற்கு முந்தின வாரம் வரை மருந்து பூசிய ஸ்டென்ட் சராசரியாக ஒரு லட்சத்து இருபதாயிரம் வாக்கில் நோயாளியின் பில்லில் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த உத்தரவு எப்படி வந்தது, அதை வளைக்க யார் யார் எந்தெந்தக் கதவைத் தட்டினார்கள் என்பதை எழுதப் போகிறேன். நான் நடுநிலையான ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009 முதல் 2018 வரை ஒரு சர்ஜிகல் விநியோகஸ்தரிடம் வேலை பார்த்தவன். விலை உச்சத்தில் இருந்த காலத்தில் என் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது.

அலமாரி

வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சின்ன மருத்துவமனை வளர்ந்து வளர்ந்து, இந்த ஊரின் பிழைப்பையே மாற்றிவிட்டது. காட்பாடி ஜங்ஷனில் இறங்கும் கூட்டத்தில் பாதி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிற நோயாளிகளும் அவர்களின் சொந்தக்காரர்களும். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் பலகைகள் வங்காளத்தில் இருக்கும். நடுவில் மருந்துக் கடை, ஸ்கேன் சென்டர், சர்ஜிகல் கடை. சித்தூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வரைக்கும் சரக்கு இங்கிருந்துதான் போகும். நாங்கள் ஸ்டென்ட் கொடுத்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில் மூன்று தனியார் மருத்துவமனைகளுக்கு. பெயர்கள் வேண்டாம்.

ஸ்டென்ட் வியாபாரம் மாத்திரை வியாபாரம் மாதிரி இருக்காது. ரத்தக்குழாயின் அகலம் ஆளுக்கு ஆள் வேறு, அடைப்பின் நீளமும் வேறு. அகலம் 2.25 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டர் வரை, ஒவ்வொரு அகலத்திலும் பல நீளங்கள். நோயாளி மேஜையில் படுத்திருக்கும்போது “3.0க்கு 28 இல்லை, நாளைக்கு வரும்” என்று சொல்ல முடியாது. அதனால் எல்லா அளவிலும் ஒவ்வொரு பெட்டி கேத் லேப் (மருத்துவமனையில் ஸ்டென்ட் வைக்கும் அறை) அலமாரியில் எந்நேரமும் இருக்க வேண்டும். பெட்டிகள் எங்களுடையவை, அலமாரியும் எங்களுடையது. உபயோகித்தால் பில், இல்லையென்றால் அப்படியே கிடக்கும். கன்சைன்மென்ட் என்போம். பெட்டிக்குள் இருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து மறுநாள் நான் அந்த இடத்தை நிரப்புவேன். அலமாரித் தட்டுகளில் அளவுகளை மார்க்கரால் எழுதி ஒட்டியதும் நான்தான். 2.25, 2.5, 2.75, அப்படியே 4.0 வரைக்கும்.

யாருக்கும் பொருந்தாத கடைக்கோடி அளவுகள் காலாவதி ஆகும். சில கம்பெனிகள் மாற்றித் தருவார்கள், சிலர் இழுத்தடிப்பார்கள். பணம் ஆறு மாதம் கழித்து வரும். இந்தச் செலவெல்லாம் நிஜம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மேலே போகப் போக ஏறுகிற விலை

சாதாரண வியாபாரத்தில் விலை குறைவான சரக்கு ஓடும். ஸ்டென்ட்டில் நேர்மாறு. வாங்குவது நோயாளி, தேர்ந்தெடுப்பது டாக்டர், பில் போடுவது மருத்துவமனை. பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. எவ்வளவு அதிகமோ, மருத்துவமனைக்கு அவ்வளவு இடைவெளி கிடைக்கும். ஆகவே கம்பெனிகள் விலையைக் குறைத்துப் போட்டியிடவில்லை, எம்.ஆர்.பி.யை ஏற்றிப் போட்டியிட்டார்கள். “உங்க பிராண்டுல எம்.ஆர்.பி. கம்மியா இருக்கேப்பா” என்று ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் முகம் சுளித்ததை நானே கேட்டிருக்கிறேன். குறை சொல்கிறாரா என்று முதலில் விளங்கவே இல்லை.

2017 ஜனவரியில் ஆணையம் கம்பெனிகளிடமிருந்து வாங்கிய கணக்குகளை வெளியிட்டபோது, நாங்கள் உள்ளே இருந்து அரைகுறையாக அறிந்திருந்தது முழுசாக வெளியே வந்தது. மருத்துவமனைக் கட்டத்தில் மட்டும் 654 சதவீதம் வரை லாபம். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லையே என்பதுதான் ஆச்சரியம். 2005லேயே ஸ்டென்ட்டைச் சட்டப்படி ‘மருந்து’ என்று அறிவித்தாயிற்று. ஆனால் மருந்து என்பது ஒன்று, அத்தியாவசிய மருந்து என்பது வேறு. பட்டியலில் இல்லாத சரக்குக்கு, வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற ஒரே கட்டுப்பாடுதான். முதல் நாளே ஒன்றேகால் லட்சம் என்று அச்சடித்துவிட்டால் அந்த விதி யாரை என்ன செய்யும்?

ஒரு வக்கீல், மூன்று சுற்று

பிரேந்தர் சங்வான் என்ற டெல்லி வழக்கறிஞர் 2014 வாக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தெரிந்தவர் ஒருவரின் குடும்பத்தில் நடந்த ஸ்டென்ட் சிகிச்சையின் பில்தான் அவரை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. அவருக்குப் பின்னால் பெரிய அமைப்பு எதுவும் இல்லை. ஸ்டென்ட்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்து விலை நிர்ணயம் செய்யுங்கள் என்பதுதான் கேட்டது.

நீதிமன்றம் அரசை முடிவெடுக்கச் சொன்னது. அரசு கமிட்டி போட்டது. 2015 கடைசியில் வந்த புதிய பட்டியலில் ஸ்டென்ட் இல்லை. அவர் மறுபடியும் போனார். 2016 ஜூலையில் ஸ்டென்ட் பட்டியலில் ஏறியது. ஆனால் விலை நிர்ணயம் ஆவதற்கு விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் முதல் அட்டவணையிலும் ஏற வேண்டும். அதற்கு டிசம்பர் வரை ஆனது. மறுபடியும் நீதிமன்றம். 2017 மார்ச் 1க்குள் விலை வேண்டும் என்று கெடு.

இந்தக் காலக்கோட்டில் எல்லாரும் கவனிப்பது நீதிமன்றத்தை. எனக்கு முக்கியமாகப் படுவது 2016 ஜூலைப் பட்டியலில் இருந்த வார்த்தைகள். ஸ்டென்ட் என்று இரண்டே வரிகள்: ஒன்று வெறும் உலோகம், மற்றொன்று மருந்து பூசியது. இரண்டாவதற்குள்ளேயே கரையும் வகையும் அடக்கம் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு சேர்க்கைதான் அடுத்த இரண்டு வருடச் சண்டைக்குக் களம். ஒரே வகை என்றால் ஒரே விலை. பழைய தலைமுறை, புதிய தலைமுறை, கரைகிறது, கரையாதது என்று பிரித்தால் பிரிவுக்கு ஒரு விலை. மேலே உள்ள பிரிவுக்குப் பழைய விலையே மெல்லத் திரும்பிவிடும். கம்பெனிகள் வெளியில் ‘விலை கட்டாது’ என்று பேசினாலும், உள்ளே கேட்டதெல்லாம் இந்தப் பிரிவைத்தான்.

விலை கணக்கிட்ட முறையும் வழக்கமானது அல்ல. மாத்திரை என்றால் சந்தையில் 1 சதவீதத்துக்கு மேல் பங்குள்ள பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். ஊதிப்போன எம்.ஆர்.பி.களுக்குச் சராசரி எடுத்தால் ஊதிப்போன சராசரிதான் வரும். அதனால் விநியோகஸ்தரின் கொள்முதல் விலையை அடிப்படையாக வைத்து, மேலே 8 சதவீதம் மட்டும் விட்டார்கள். பொதுநலன் கருதி விலை வைக்க ஆணையத்துக்கு இருக்கும் தனி அதிகாரத்தையும் பயன்படுத்தினார்கள். மருத்துவமனை பில்லில் ஸ்டென்ட்டைத் தனி வரியாக, பிராண்டு பெயரோடு காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

முதலாளி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். 29,600 நாங்கள் வாங்கும் விலையும் இல்லை, விற்கும் விலையும் இல்லை. நோயாளி கொடுக்கும் கடைசி விலை. நடுவில் உள்ள அத்தனை பேரும் அதற்குள் அடங்க வேண்டும். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். “ரெண்டாயிரத்துச் சொச்சம். இதுல ஆஸ்பத்திரிக்கு எது, நமக்கு எது?” கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டிவி பக்கம் திரும்பினார். அங்கே தீர்ப்பு வந்துவிட்டிருந்தது.

லெட்டர்ஹெட்

அந்த வாரம் நடந்ததை நான் மறக்க மாட்டேன். பெரிய தொழில் அமைப்புகள் டெல்லியில் என்ன செய்தன என்பது பத்திரிகைகளில் வந்தது. எங்களுக்கு வந்தது வாட்ஸ்அப்பில். இரண்டு பக்க ஆங்கிலக் கடிதம், மேலே காலி இடம். உங்கள் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று ஒரு பிராண்டின் ஏரியா ஆள் சொன்னார். தமிழ்நாட்டில் எத்தனை டீலர்களுக்குப் போயிற்றோ தெரியாது. எங்களுக்குத் தெரிந்த நாலைந்து பேருக்கு வந்திருந்தது, எழுத்துப் பிசகாமல் அதே கடிதம்.

நான் வாசித்து அர்த்தம் சொன்னேன். புதிய தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வராது. நோயாளிக்கு இருக்கும் தேர்வு பறிபோகும். எல்லா ஸ்டென்ட்டையும் ஒரே தட்டில் வைப்பது அறிவியலுக்கு விரோதம். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

“அலமாரி எங்க?”

“என்னங்க?”

“நம்ம அலமாரி. எக்ஸ்பைரி. ஆறு மாசக் கடன். அதைப் பத்தி ஒரு வரி இருக்கா?”

இல்லை. போன் போட்டுக் கேட்டார். அதை அப்புறம் தனியாக எடுத்துக்கொள்ளலாம், இப்போது பிரிவு விஷயம்தான் முக்கியம் என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆளிடமிருந்துதான் அடுத்த மாதச் சரக்கு வர வேண்டும்.

கொள்கைக்காக வாதாடுவது என்றால் டை கட்டினவர்கள் குளிர்சாதன அறையில் பேசுவது என்று நினைத்திருந்தேன். அதன் கடைசிக் கண்ணி வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் பழைய ஸ்கேனர். உண்மையான குறை உள்ளவனின் கையெழுத்தை வாங்கி, வேறொருவனின் கோரிக்கைக்கு அடியில் வைக்கிற வித்தை. டெல்லி மேஜையில் அந்தக் கடிதம், ‘சிறு விநியோகஸ்தர்கள் பாதிப்பு’ என்ற கோப்பில் சேர்ந்திருக்கும்.

மறு பக்கமும் சும்மா இல்லை. அகில இந்திய மருந்து நடவடிக்கை வலையமைப்பு போன்ற நோயாளி பக்கத்து அமைப்புகள் ஆணையத்துக்குத் தொடர்ந்து எழுதின: பிரிவு வேண்டாம், புதியது மேல் என்றால் மருத்துவ ஆதாரத்தைக் காட்டட்டும். உள்நாட்டில் ஸ்டென்ட் செய்யும் கம்பெனிகளுக்கும் ஒரே விலை என்பது கெடுதலாகப் படவில்லை. இறக்குமதிச் சரக்கின் மவுசே அதன் உயர்ந்த எம்.ஆர்.பி.யில்தான் இருந்தது. அது போனதும் சூரத்துச் சரக்கும் அமெரிக்கச் சரக்கும் ஒரே வரியில் நின்றன. ஆக ‘தொழில்துறை எதிர்த்தது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது தப்பு. தொழில்துறை இரண்டாகப் பிளந்திருந்தது.

தட்டுப்பாடும் திரும்பப் பெறுதலும்

உத்தரவு வந்த சில நாட்களில் சில பிராண்டுகள் காணாமல் போயின. புது விலை லேபிள் ஒட்ட வேண்டும் என்று பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரத் தாமதம். வேண்டுமென்றே செய்தார்களா, நிஜமாகவே லேபிள் வேலையா? எங்கள் அலமாரியைப் பொறுத்தவரை இரண்டும் கலந்தது என்பதே என் கணிப்பு. பிப்ரவரி முடிவதற்குள் மத்திய மருந்துத் துறை அவசர அதிகாரத்தை எடுத்தது: ஆறு மாதத்துக்கு உற்பத்தியும் விநியோகமும் குறையக்கூடாது, வாராவாரம் கணக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம் பெட்டிகள் வந்தன.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. பட்டியலில் உள்ள மருந்தைக் கம்பெனி நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. ஆறு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஏப்ரலில் அபாட் நிறுவனம், கரையும் வகையான அப்சார்ப் ஸ்டென்ட்டையும் மருந்து பூசிய சயன்ஸ் ஆல்பைனையும் இந்தியாவிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று விண்ணப்பித்தது. வேறு சில பன்னாட்டுக் கம்பெனிகளும் அதே வழியில் வந்தன. ஆணையம் தலையாட்டவில்லை.

அப்சார்ப் கதையை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘கரையும் ஸ்டென்ட்டுக்குத் தனிப் பிரிவு கொடுங்கள்’ என்பதற்கு அதுதான் கொடிமரம். ஒன்றரை லட்சத்தைத் தாண்டி விற்ற சரக்கு. சில வருடத்தில் கரைந்து போய்விடும், உடம்பில் எதுவும் மிச்சம் இருக்காது என்றால் கேட்கிற யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் 2017 மார்ச்சிலேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது: உலோக ஸ்டென்ட்டோடு ஒப்பிட்டால் இதில் இதயம் சார்ந்த பாதிப்புகள் அதிகம் தெரிகின்றன என்று. செப்டம்பரில் அபாட் உலகம் முழுவதும் அதன் விற்பனையை நிறுத்தியது. விற்பனை குறைவு என்பது சொன்ன காரணம். இந்திய ஆணையம் ஒரே பிரிவில் பிடிவாதமாக நின்றது அறிவியலைக் கரைத்துக் குடித்ததால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனிப் பிரிவு கொடுத்திருந்தால், உலகமே கைவிட்ட ஒரு சரக்குக்கு அதிக விலை என்ற பெருமை நமக்கு இருந்திருக்கும்.

2018 பிப்ரவரியில் மறுபரிசீலனை. இடையில் மொத்தவிலைக் குறியீட்டின்படி மருந்து பூசியது 30,180 ரூபாய் ஆகியிருந்தது. அதை 27,890 ஆகக் குறைத்தார்கள். வெறும் உலோகம் 7,660. பிரிவு கிடைக்கவில்லை.

பர்ஸும் ஸ்டென்ட்டும்

டெல்லியில் நடக்காததை வாஷிங்டன் வழியாக நடத்தப் பார்த்தார்கள். அட்வாமெட் என்ற அமெரிக்க மருத்துவக் கருவித் தொழில் அமைப்பு, விலைக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா தந்த இறக்குமதி வரிச் சலுகையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனுக் கொடுத்தது. 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் உச்ச விலை வந்திருந்தது. அதிகம் உபயோகமாகும் கோபால்ட் குரோமியம் வகை 54,720 ரூபாய். அமெரிக்கப் பால் பொருள் தொழிலும் தன் பங்குக்கு ஒரு மனு போட்டது. 2018 ஏப்ரலில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் ஆய்வைத் தொடங்கியது. 2019 ஜூன் 5 அன்று இந்தியாவுக்கான அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது.

இதில் வட ஆற்காட்டுக்கு என்ன? பேர்ணாம்பட்டில் தோல் பர்ஸ், கைப்பை தைக்கும் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று இந்தப் பகுதி முழுக்கத் தோல்தான் சோறு. ஷூவுக்கு அந்தச் சலுகை எப்போதுமே கிடையாது, அமெரிக்கச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பைகளும் பர்ஸும் மட்டும் 2017 ஜூலையில்தான் உள்ளே வந்தன. இரண்டு வருடம் முடிவதற்குள் கதவு சாத்தப்பட்டது. தோல் பைக்கு எட்டிலிருந்து பத்து சதவீதம் வரை வரி மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

“எங்க பர்ஸுக்கும் உங்க ஸ்டென்ட்டுக்கும் இன்னாங்க சம்பந்தம்?” என்று பாய் கேட்டார். விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்ப எங்க கிட்ட யாருமே கேக்கலையே” என்றார். சரியான கேள்வி. சலுகையால் இந்தியாவுக்கு மிச்சமாவது வருடத்துக்கு 19 கோடி டாலர்தான், பெரிய பாதிப்பு இல்லை என்று மத்திய அரசு சொன்னது. நாடு என்று பார்த்தால் சரி. ஒரு யூனிட்டின் ஆர்டர் புத்தகத்தில் அந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். ஆனாலும், நம் ஊர் நோயாளி ஸ்டென்ட்டுக்கு ஒரு லட்சம் கொடுத்தால்தான் நம் ஊர் பர்ஸ் வரி இல்லாமல் போகும் என்றால், அந்தப் பேரத்துக்குத் தலையாட்டச் சொல்லி பாயிடமே என்னால் கேட்க முடியாது. அவர் மாமனாருக்கு இரண்டு ஸ்டென்ட்.

பில்லின் மற்ற வரிகள்

விலை இறங்கியது. ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சையான ஆஞ்சியோபிளாஸ்டியின் பில் அதே அளவு இறங்கியதா? நான் சரக்குக் கொடுத்த இடங்களில் இல்லை. மூன்றில் ஒரு மருத்துவமனை உண்மையிலேயே குறைத்தது. மற்ற இரண்டில் பலூன், கைடு ஒயர், கேத் லேப் கட்டணம், டாக்டர் கட்டணம் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியது. காற்றடைத்த தலையணையை ஒரு பக்கம் அமுக்கின மாதிரி. 2018 பிப்ரவரியில் டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆணையம் ஆராய்ந்தபோது, விலைக் கட்டுப்பாடு இல்லாத பொருட்களில் 1,737 சதவீதம் வரை லாபம் இருந்தது தெரிந்தது. அது நம்ம ஊர்க் கணக்கு அல்ல, ஆனால் படித்தபோது எனக்கு அறிமுகமான முகமாகத்தான் இருந்தது.

மனு போட்ட வக்கீலைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒரு பொருளுக்கு விலை கேட்டார், கிடைத்தது. சிகிச்சைக்கு விலை கேட்க அவரிடம் சட்டம் இல்லை. விலைக் கட்டுப்பாட்டு ஆணை பொருளைத்தான் தொடும். படுக்கையையும் மேஜையையும் கைகளையும் தொடாது.

எங்கிருந்து எண்ணுவது

ஸ்டென்ட்டில் தோற்ற பிறகு பன்னாட்டுக் கம்பெனிகள் ஒரு நல்ல பாடம் கற்றுக்கொண்டன. உச்ச விலை வேண்டாம், லாப வரம்பு வையுங்கள் என்று கேட்க ஆரம்பித்தன. 2018இல் நிதி ஆயோக் இதற்கு ஆலோசனை நடத்தியது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும்: கம்பெனி விலையை விடுங்கள், நடுவில் ஏறுவதை மட்டும் பிடியுங்கள். ஆனால் ‘நடுவில்’ என்பது எங்கிருந்து தொடங்குகிறது? உள்நாட்டுத் தயாரிப்பாளர் சங்கமோ கப்பலில் வந்து இறங்கும் விலையிலிருந்து எண்ணச் சொன்னது. பன்னாட்டுக் கம்பெனிகள் விநியோகஸ்தருக்கு விற்கும் விலையிலிருந்து. இறங்கும் விலை 10,000, விநியோகஸ்தருக்கு 30,000 என்று ஒரு சரக்கை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையில் அந்த நடு 20,000 யார் கண்ணிலும் படாது.

2021 ஜூனில், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டருக்கு லாப வரம்பு வந்தது: விநியோகஸ்தர் விலைக்கு மேல் 70 சதவீதம். அடுத்த மாதம் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், பி.பி. கருவி, நெபுலைசர், தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர். அதற்குள் நான் சொந்தமாகச் சின்னக் கடை போட்டிருந்தேன். உத்தரவுக்குப் பின் சில கான்சென்ட்ரேட்டர்கள் பாதி விலைக்கு இறங்கின; 54 சதவீதம் வரை குறைந்ததாக அரசும் சொன்னது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் 70 சதவீதத்தை எங்கிருந்து எண்ணினார்கள் என்று பாருங்கள். ஸ்டென்ட்டில் தோற்றவர்கள் வைத்த வாதம், மூன்று வருடம் கழித்து அவசரக் காலத்தில் சத்தமில்லாமல் ஜெயித்திருந்தது.

சத்தமில்லாமல் நடந்த இன்னொன்றும் உண்டு. பட்டியலில் உள்ள மருந்துகளின் உச்ச விலை, வருடா வருடம் மொத்தவிலைக் குறியீட்டின்படி மாறும் என்று விலைக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே ஒரு பத்தி இருக்கிறது. 2022இல் 10.77 சதவீதம், 2023இல் 12.12 சதவீதம். 27,890 ஆக இருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் 2025 ஏப்ரலில் 38,933 ரூபாய். மனு இல்லை, லெட்டர்ஹெட் இல்லை, வாஷிங்டன் இல்லை. ஏறத்தாழ பதினோராயிரம் ரூபாய், ஒரு பத்தியால் ஏறியது.

மறுபடியும் அலமாரி

முதலாளி 2018இல் தானே ஒரு கடிதம் எழுதினார். நான் உட்கார்ந்து ஆங்கிலத்தில் டைப் செய்து கொடுத்தேன். எத்தனை அளவுகள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, வருடத்துக்கு எத்தனை பெட்டி காலாவதி ஆகிறது, பணம் எத்தனை நாளில் வருகிறது என்று எங்கள் மூன்று வருட ரிஜிஸ்டரிலிருந்து ஒரு அட்டவணை. எட்டு சதவீதத்தில் மருத்துவமனைக்கு எவ்வளவு, டீலருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள் என்பது ஒன்றே கோரிக்கை. ஆணையத்துக்கு ஒரு பிரதி, முன்பு கையெழுத்து வாங்கிய ஏரியா ஆளுக்கு ஒரு பிரதி. ஆணையத்திலிருந்து பதில் வரவில்லை. ஏரியா ஆள் போன் செய்து, “எதுக்குண்ணே இதெல்லாம்” என்றார்.

அந்த வருடக் கடைசியில் கம்பெனி மருத்துவமனைகளுக்கு நேரடியாகவே சரக்கு அனுப்ப ஆரம்பித்தது. முதலாளி ஸ்டென்ட்டை விட்டுவிட்டு ஐ.வி. செட், கையுறை பக்கம் போனார். நான் வெளியே வந்தேன். கணக்கு முடிக்கும்போது, கேத் லேப்களிலிருந்து திரும்பி வந்த அலமாரிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது என் கடையில் அதில் முழங்கால் பெல்ட்டும் நெபுலைசர் மாஸ்க்கும் அடுக்கி வைத்திருக்கிறேன். தட்டுகளில் மார்க்கரால் எழுதிய 2.25, 2.5, 2.75 இன்னும் அப்படியே இருக்கிறது. கடைக்கு வரும் வங்காளிக்காரர்கள் அதை விலை என்று நினைத்துக்கொண்டு, என்ன ரூபாயா என்று கேட்பார்கள்.